முற்றத்து விளக்கும் கண்ணின் கணக்கும்

கிழக்கிலங்கையில் கல்லடியிலிருந்து கல்முனை வரை கரையோர வீதியால் இரவில் செல்பவர்கள் பல வீடுகளில் ஒரே ஏற்பாட்டைக் காணலாம்: முன்மதிலிலோ கூரை விளிம்பிலோ வீதியைப் பார்த்தபடி 50 வாற்று எல்.ஈ.டி. ஃப்ளட் லைட் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து ஏறத்தாழ 4,000 லூமன் (விளக்கு தரும் மொத்த ஒளியின் அலகு) ஒளி வெளிவருகிறது. பழைய 60 வாற்று மின்குமிழ்கள் ஐந்து சேர்ந்து தந்த ஒளி அது. ஆயினும் அந்த வீட்டுக்கு வருபவர் வாசலில் நின்று கையால் கண்ணை மறைத்துக்கொண்டுதான் உள்ளே பார்க்கிறார். மதிலோரத்தில் பாம்பு கிடந்தாலும் அவருக்குத் தெரியாது. இத்தனை ஒளி இருந்தும் பார்வை கெடுவதற்கான காரணம் கண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது.

கண்ணின் வில்லையும் அதன் பின்னுள்ள ஊடகமும் முற்றிலும் தெளிந்தவை அல்ல. ஒரு பிரகாசமான விளக்கு பார்வைக்குள் வந்தால், அதன் ஒளியில் ஒரு பகுதி கண்ணுக்குள் சிதறி, விழித்திரை முழுவதிலும் மெல்லிய வெண்படலம்போலப் பரவுகிறது. மங்கலான பொருள்களின் பிம்பம் இந்தப் படலத்துக்கு அடியில் மறைந்துவிடுகிறது. விளக்குக்கும் நாம் பார்க்கும் திசைக்கும் இடையிலான கோணம் இரண்டு மடங்கானால், படலத்தின் செறிவு ஏறக்குறைய நான்கில் ஒன்றாகக் குறையும் என்பதால், விளக்கின் வலுவைக் குறைப்பதைவிட அதைப் பார்வைக் கோட்டிலிருந்து விலக்குவதே கூடிய பயனைத் தரும். வயது ஏற ஏறச் சிதறலும் கூடும். கண்புரை உள்ளவர்களுக்கு எதிரே எரியும் விளக்கு மிகுந்த துன்பம் தரும். இதற்கு மேல் இன்னொரு தடையும் உண்டு. மங்கலில் பார்க்க உதவும் கோல் கலங்கள் முழு உணர்திறனை அடைய இருபது முதல் முப்பது நிமிடங்கள் இருட்டு வேண்டும். ஃப்ளட் லைட்டை ஒருமுறை நேராகப் பார்த்ததும் அந்த இசைவாக்கம் கலைந்துவிடும்.

ஆகவே தோட்ட விளக்குத் திட்டத்தின் முதல் விதி, விளக்கின் ஒளிரும் பகுதி கண்ணுக்குத் தெரியாமல் அதன் ஒளி விழும் தரை மட்டும் தெரிய வேண்டும் என்பதே. மேலே மூடியுடைய, முழங்கால் உயரத்தில் நிற்கும் விளக்குகள் இதை எளிதாகச் செய்கின்றன. ஒளி தாழ்ந்த கோணத்தில் வருவதால் கல்லுக்கும் குழிக்கும் நீண்ட நிழல் விழுந்து, அவை எளிதில் புலப்படும் என்பது கூடுதல் நன்மை.

எவ்வளவு ஒளி வேண்டும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீற்றரில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். வானம் தெளிந்த முழுநிலா இரவில் தரையில் விழுவது ஏறத்தாழ கால் லக்ஸ் மட்டுமே. அதிலேயே நம் முன்னோர் வயல் வரம்பில் நடந்தார்கள். கேற்றிலிருந்து கிணற்றடி வரை 15 சதுர மீற்றர் நடைபாதை இருக்கிறதென்று கொள்வோம். மொத்தம் 300 லூமன் தரும் சிறு விளக்குகளை அதன் வழியே பகிர்ந்து வைத்து, அதில் பாதி வீணானாலும் 10 லக்ஸ் கிடைக்கிறது. அது நிலவைப்போல் நாற்பது மடங்கு. ஒரே விளக்கை உயரத்தில் வைத்தால் இந்தக் கணக்குப் பலிக்காது. தூரம் இரட்டிக்கும்போது ஒளிர்வு நான்கில் ஒன்றாகி, விளக்கடி கண்ணைக் கூச, வளவின் மூலை இருண்டே இருக்கும்.

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை வளவுகளுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அங்குள்ள வெளிர்மணல் காய்ந்திருக்கும்போது, தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. புல்தரை அனுப்புவது மிகக் குறைவு. மழை பெய்தால் நிலைமை மாறும். மணிகளுக்கிடையே நீர் நிரம்பியதும் ஒளி பக்கவாட்டில் சிதறாமல் ஆழத்துக்குச் சென்று உறிஞ்சப்படுவதால், ஈரமணல் கருத்துத் தோன்றுகிறது. மாரியில் சற்றுக் கூடுதல் ஒளி தேவைப்படுவது இதனாலேயே. ஒளியைக் கூட்டிக் குறைக்கும் மங்கல் கட்டுப்படுத்தி (டிம்மர்) ஒன்றிருந்தால் போதும்.

நிறத்தைப் பொறுத்தவரை என் பரிந்துரை 2,700 முதல் 3,000 கெல்வின் (ஒளியின் நிறச்சாயலைக் குறிக்கும் அலகு) வரையிலான மஞ்சள் சாயலே. வெள்ளை எல்.ஈ.டி. என்பது உண்மையில் நீல ஒளி தரும் குறைகடத்திமேல் மஞ்சளாய் ஒளிரும் பொசுபர் என்ற பொருள் பூசப்பட்ட ஒன்று. 6,500 கெல்வின் விளக்கில் நீலப் பங்கு அதிகம். பூச்சிகள் பெரும்பாலும் குறுகிய அலைநீளங்களுக்கே ஈர்க்கப்படுகின்றன. மழை தொடங்கும் மாதங்களில் ஈசல் கொட்டும் வீடுகளும், வயலோரத்தில் கபிலநிறத் தத்தி என்ற நெற்பூச்சி வந்து மொய்க்கும் வீடுகளும் இதை நினைவிற்கொள்வது நல்லது. பாணமைப் பக்கம் கடற்கரையை ஒட்டி வாழ்பவர்களுக்குப் பொறுப்பு இன்னும் கூடுதலானது. முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக் குஞ்சுகள் ஒளி மிகுந்த அடிவானத்தைக் கடலென்று கொண்டு நகர்வதால், கடற்கரையிலிருந்து தெரியும் எந்த விளக்கும் அவற்றைத் தரைப்பக்கம் இழுத்துவிடும்.

அசைவை உணர்ந்து எரியும் விளக்குகளை இப்போது பலரும் வாங்குகிறார்கள். இவற்றிலுள்ள உணரி உடல் வெப்பத்தால் வெளிவரும் செங்கீழ்க் கதிர்களை, பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீற்றர் அலைநீளங்களில், கவனிக்கிறது. முன்னாலுள்ள பிளாஸ்டிக் வில்லை வெளியைப் பல கூறுகளாகப் பிரிக்க, ஆள் ஒரு கூற்றிலிருந்து அடுத்ததற்குக் கடக்கும்போதே சமிக்ஞை எழுகிறது. உணரியை நோக்கி நேராக நடந்து வருபவர் கூறுகளை அரிதாகவே கடப்பார். ஆகையால் பாதையைக் குறுக்கே பார்க்கும்படி அதைப் பொருத்த வேண்டும். கச்சான் என்ற வெப்பக்காற்று வீசும் நாட்களின் முன்னிரவில் சுவரும் மணலும் உடல் வெப்பத்துக்கு அண்மையாகச் சூடேறியிருப்பதால் வேறுபாடு குறைந்து, உணரி எட்டும் தூரமும் சுருங்கும். அது பழுதல்ல, மார்கழியில் அதே உணரி சரியாக வேலை செய்யும்.

ஈரத் தரையில் 230 வோல்ற்றைக் கொண்டு செல்ல விரும்பாதவர்கள் 12 வோல்ற்று முறையைத் தெரிவு செய்கிறார்கள். அது பாதுகாப்பானது, ஆனால் வயரின் தடையை மறந்தால் ஏமாற்றமே மிஞ்சும். 60 வாற்றுக்கு 12 வோல்ற்றில் 5 அம்பியர் ஓட வேண்டும். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி 20 மீற்றர் போனால், போக்கும் வரவும் சேர்ந்து 40 மீற்றர், தடை ஏறத்தாழ 0.48 ஓம். அதிலே 2.4 வோல்ற்று, அதாவது ஐந்தில் ஒரு பங்கு, வழியிலேயே தொலைந்து, கடைசி விளக்கு மங்கிக் கிடக்கும். 24 வோல்ற்று முறைக்கு மாறினால் மின்னோட்டம் பாதியாகி, இழப்பு விகிதம் நான்கில் ஒன்றாகிவிடும். தடித்த கம்பியும் உதவும், விலைதான் கூடும்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே வாழும் ஊர்களில் எந்த விளக்கையும் முதலில் தாக்குவது உப்பே. பெட்டியில் அச்சிடப்படும் ஐ.பி. 65 என்பது தூசு புகாது, பீச்சும் நீர் புகாது என்று மட்டுமே சொல்கிறது. அரிமானத்தைப் பற்றி அது பேசுவதில்லை. அலுமினியக் கூட்டில் இரும்பு ஆணி முடுக்கியிருந்தால், உப்பீரம் அவற்றை ஒரு சிறு மின்கலமாக்கி உலோகத்தைத் தின்னும். எரியும்போது சூடாகி விரியும் விளக்கின் உட்காற்று அணைந்ததும் சுருங்கி, தளர்ந்த ரப்பர் வளையம் வழியே ஈரக்காற்றை உள்ளிழுப்பதும் உண்டு. எனவே கூட்டின் மூலப்பொருளையும் ஆணிகளையும் பார்த்து வாங்க வேண்டும்.

வயர் இணைப்புகளை மணலுக்குள் புதைக்காமல், தரைக்கு மேலே மூடிய பெட்டியில் வைக்க வேண்டும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் நிலைமாற்றியை, கடந்த வெள்ளம் சுவரில் விட்டுச்சென்ற கோட்டுக்கு மேலே பொருத்துவது நல்லது. 230 வோல்ற்றிலேயே விளக்குப் போடுவதாயின் அந்தச் சுற்று 30 மில்லி அம்பியர் கசிவிலே விழும் ட்ரிப் சுவிட்சின் கீழ் இருப்பது கட்டாயம். அதன் சோதனைப் பொத்தானை ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையாவது அழுத்தி, அது உண்மையிலேயே விழுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.