குதிகாலில் ஒரு முடிச்சு

குதிகாலுக்குச் சற்று மேலே, காலின் பின்பக்கத்தை இரண்டு விரல்களால் பிடித்துப் பாருங்கள். கயிறு போல விறைப்பாக ஒன்று அகப்படும். அதுதான் தசைநாண். பெரும்பாலோருக்கு வழவழப்பாக இருக்கும். சிலருக்கு மட்டும் தடித்து, முண்டும் முடிச்சுமாக இருக்கும். பெரிதாக வலிக்காததால், செருப்பு கடித்த காய்ப்பு என்று வருடக்கணக்கில் விட்டுவிடுவார்கள். அந்த முடிச்சு கொலஸ்ட்ராலாக இருக்கலாம்.

கொழுப்பு அங்கே எப்படிப் போனது? ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து ஓடும் எல்.டி.எல். துகள்களைக் கல்லீரல் தன் ஏற்பிகளால் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த ஏற்பியைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவரும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ இதன் மரபணு பழுதாக வந்தால், வேலை செய்யும் ஏற்பிகள் பாதியாகிவிடும், எல்.டி.எல். ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒல்லியாக இருந்தாலும், சாப்பாட்டில் கவனமாக இருந்தாலும் இது விடாது. சுமார் 250 பேரில் ஒருவருக்கு இந்தக் கோளாறு உண்டு. அரிய நோய் என்று ஒதுக்க முடியாது.

தேங்கிய எல்.டி.எல். திசுக்களுக்குள் கசிகிறது. குப்பை அள்ளும் விழுங்கணுக்கள் அதைத் தின்கின்றன, போதும் என்று நிறுத்தத் தெரியாமல். உப்பிப்போன அவற்றை நுண்ணோக்கியில் பார்த்தால் சோப்பு நுரை மாதிரி இருக்கும். பெயரே நுரைச் செல்கள். இதயத் தமனியின் சுவரில் சேர்ந்து அதை அடைப்பதும் இதே மாதிரிச் செல்கள்தான்.

இமையோரம் மஞ்சள் திட்டு இருந்தால்? உடனே பதற வேண்டாம். அப்படி இருப்பவர்களில் பாதிப் பேருக்கு கொலஸ்ட்ரால் சரியாகவே இருக்கிறது. கருவிழியைச் சுற்றிய வெண்சாம்பல் வளையமும் வயதானவர்களிடம் சகஜம். 45 வயதுக்குள் வந்தால்தான் சந்தேகம். ஆனால் ஒரு குழந்தையின் விரலிடுக்கில் மஞ்சள் தடிப்பு தெரிந்தால் தாமதிக்கவே கூடாது. இரு பெற்றோரிடமிருந்தும் பழுது வந்திருக்கலாம். சிகிச்சை இல்லாவிட்டால் 20 வயதுக்கு முன்பே மாரடைப்பு வரக்கூடும்.

ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடின் கோளாறு வேறு மாதிரி. அளவு டெசிலிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டிப் போகும்போது முழங்கையிலும் பிட்டத்திலும் மஞ்சள் பருக்கள் திடீரெனக் கூட்டமாக முளைக்கும். அங்கே முதல் பயம் கணைய அழற்சி. அளவு இறங்கினால் பருக்களும் சில வாரங்களில் மறையும்.

தசைநாண் முடிச்சு அவ்வளவு சீக்கிரம் போகாது, வருவதற்கும் வருடங்கள் ஆகும். பரம்பரைக் கோளாறால் அப்படி முடிச்சு உள்ளவரின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அந்தப் பழுதான மரபணு வந்திருக்க சரிபாதி வாய்ப்பு. அவர்கள் குதிகாலில் இப்போது ஒன்றும் தட்டுப்படாது. ரத்தத்தில் மட்டும் தெரியும்.