நம்பர் எடுத்தால் கியூ குறையுமா?

பின்னேரம் ஐந்து மணி. மட்டக்களப்பு டவுனில் ஒரு தனியார் வைத்தியசாலை. அம்மாவின் முழங்காலைக் காட்டுவதற்கு டொக்டரை சனல் பண்ணி, 27ஆம் நம்பர் துண்டோடு உட்கார்ந்திருந்தேன். துண்டில் நேரம் 4.40 என்று அச்சடித்திருந்தது. டொக்டர் இன்னும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து பாரிஸில் இருக்கும் அக்கா வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். டிஸ்னிலாண்டில் ஒரு சவாரியின் வாசல். அங்கிருந்த பலகையில் 85 என்று எழுதியிருந்தது. "85 நிமிசம் நிக்கணுமாம் தம்பி. காசு கட்டினா வேற பக்கத்தால விடுவாங்களாம். எங்க மூணு பேருக்கும் கட்டினா நல்லாச் செலவாகும். கட்டவா, விடவா?"

பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவனிடம் இதைக் கேட்டால் ஒரு சொல்லில் பதில் வராது. டொக்டர் வருகிற அறிகுறியும் இல்லை. துண்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் கணக்குப் போடத் தொடங்கினேன்.

கியூ என்றதும் எனக்கு ஞாபகம் வருவது கல்லடிப் பழைய பாலம்தான். 1924இல் திறந்த இரும்புப் பாலம். லேடி மானிங் பாலம் என்று பெயர். ஒரு வாகனம் போகத்தான் அகலம். அங்கால் இருந்து பஸ் வந்தால் இங்கால் நாங்கள் நிற்க வேண்டும். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் திறக்கும்வரை இதுதான் கதை. இரண்டு பக்கத்து றோட்டையும் நூறடி அகலமாக்கிப் போட்டிருந்தாலும் டவுனுக்கு ஒரு நிமிடம் முந்திப் போயிருக்க முடியாது. மணித்தியாலத்துக்கு எத்தனை வாகனம் கடக்கும் என்பதைத் தீர்மானித்தது அந்த ஒடுங்கின இடம் மட்டும்தான்.

ரோலர் கோஸ்டருக்கும் அப்படி ஒரு ஒடுங்கின இடம் உண்டு. ஆட்கள் ஏறி இறங்கும் மேடைதான் அது. ஒரு ரயிலில் 24 இருக்கை, 90 செக்கனுக்கு ஒரு ரயில் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணித்தியாலத்துக்கு 40 ரயில், 960 பேர். இனி ஒருவர் தோள்பையை எங்கே வைப்பது என்று தடுமாறுகிறார். ஒரு பிள்ளையின் பெல்ட் பூட்டுப்படவில்லை. 15 செக்கன் பிந்துகிறது. ஒவ்வொரு ரயிலும் இப்படிப் பிந்தினால் 960 என்பது 823 ஆகிவிடும். வெறும் 15 செக்கன், 137 பேரின் இருக்கையைத் தின்றுவிட்டது. பிந்தின நேரத்தை ஓட்டத்தில் பிடிக்கலாமே என்றால், அதுவும் நடக்காது. பாதுகாப்புக்காகத் தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு ரயிலைத்தான் விடுவார்கள். மேடையில் நிற்கும் ரயில் வெளிக்கிடாவிட்டால், சுற்றி முடித்து வருகிற ரயில் மேடைக்கு வெளியே பிரேக் பிடித்து நிற்க வேண்டியதுதான். பூங்கா ஊழியர்கள் "எத்தனை பேர்?" என்று கேட்டு, தரையில் நம்பர் போட்ட வரிசைகளில் ஆட்களை முன்கூட்டியே நிறுத்தி வைப்பது இந்தச் செக்கன்களைக் காப்பாற்றத்தான்.

அடுத்தது, கியூவில் நிற்கிற நேரம். 1961இல் ஜோன் லிட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு விதிக்கு நிறுவல் எழுதினார். கேட்டால் இதற்குமா நிறுவல் என்று தோன்றும். கியூவில் நிற்கும் ஆட்களின் தொகை, மணித்தியாலத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை ஒருவர் நிற்கும் சராசரி நேரத்தால் பெருக்கினால் வருவது. அவ்வளவுதான். ஆட்கள் எந்த ஒழுங்கில் போகிறார்கள், ஒருவருக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது, எதுவும் தெரிய வேண்டாம். வாசலில் நிற்கிறவருக்கு ஏற்றபடி மாற்றிச் சொன்னால்: உங்களுக்கு முன்னால் நிற்கும் ஆட்களை, மணித்தியாலத்துக்கு ஏறுகிற ஆட்களால் வகுத்தால் நீங்கள் நிற்கப்போகிற நேரம் வரும். 960 பேர் ஏறுகிற சவாரியில் 85 நிமிடம் என்றால் முன்னால் 1360 பேர். கிட்டத்தட்ட ஒரு பெரிய பாடசாலை.

பலகையில் போடுகிற நேரத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதும் வேடிக்கையானது. டிஸ்னி பூங்காக்களில் பழைய முறை, சிவப்பு அட்டை. கியூவின் வாலில் சேருகிற ஒருவர் கையில் ஊழியர் ஒரு சிவப்பு அட்டையைக் கொடுப்பார். அவர் அதைக் கொண்டுபோய் முன்னால் நிற்கும் ஊழியரிடம் கொடுக்க வேண்டும். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் காத்திருப்பு. அழகான முறைதான், ஆனால் யோசித்துப் பாருங்கள்: அட்டை சொல்வது ஏற்கெனவே நின்று முடித்தவரின் கதை. ஒரு மணித்தியாலத்துக்கு முந்திச் சேர்ந்தவர் எவ்வளவு நின்றார் என்று தெரியுமே தவிர, இப்போது சேருகிறவர் எவ்வளவு நிற்பார் என்று தெரியாது. கூட்டம் ஏறிக்கொண்டிருக்கும் காலையில் அட்டை குறைத்துச் சொல்லும். கூட்டம் வடியும் பின்னேரத்தில் கூட்டிச் சொல்லும். லிட்டிலின் விதியோ தலைகளை எண்ணி முன்னால் பார்க்கிறது.

கூட்டம் ஏறுவதும் வடிவதும் குளத்துக் கணக்கு மாதிரி. அதே 960 பேர் சவாரியை எடுப்போம். ஒன்பது மணிக்குத் திறக்கிறது. முதல் மணித்தியாலத்தில் 300 பேர் வருகிறார்கள், எல்லோரும் நேரே போய் ஏறுகிறார்கள். பத்திலிருந்து பன்னிரண்டு வரை மணித்தியாலத்துக்கு 1500 பேர். ஒவ்வொரு மணித்தியாலமும் 540 பேர் தேங்க, பன்னிரண்டு மணிக்கு 1080 பேர் நிற்கிறார்கள். 68 நிமிடக் காத்திருப்பு. அதற்குப் பிறகு வருகை 960 ஆகக் குறைகிறது என்று வையுங்கள். சவாரிக்கு அளவான வருகை. ஆனால் கியூ? அப்படியே 1080இல் நிற்கும். காலையில் தேங்கினது வற்ற வேண்டுமென்றால் வருகை 960க்குக் கீழே இறங்க வேண்டும். திறக்குமுன்பே வாசலில் போய் நில்லுங்கள் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வதில் இருக்கிற கணிதம் இதுதான். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் குளத்தில் விடியமுன் தீர்த்தமாடிவிட்டு வீட்டுக்கு வந்து படுக்கிற எங்கள் பெரியம்மாவுக்கு லிட்டிலைத் தெரியாது, விதி தெரியும்.

சரி, முன்பதிவுக்கு வருவோம். 1999இல் டிஸ்னி தன் அமெரிக்கப் பூங்காக்களில் பாஸ்ட்பாஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. சவாரி வாசலில் இருக்கும் இயந்திரத்தில் நுழைவுச் சீட்டைப் போட்டால், 'இத்தனை மணிக்கும் இத்தனை மணிக்கும் இடையில் வாருங்கள்' என்று ஒரு துண்டு வரும். காசு இல்லை. இடைவெளி ஒரு மணித்தியாலம். தேநீர் குடிக்கப் போனவர், கழிப்பறையில் நிற்கிறவர், வழி தவறினவர் எல்லோருக்கும் சேர்த்து விட்ட இடைவெளி அது. இங்கே நான் தேநீருக்கு எழும்பின நேரம் என் நம்பரைக் கூப்பிட்டுவிட்டால் "கடைசியில நில்லுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

கியூவில் நிற்கிறவர் கடையில் எதையும் வாங்க மாட்டார், வெளியே விட்டால் வாங்குவார் என்ற யோசனையும் இதற்குப் பின்னால் இருந்தது. ஆனால் நம்பர் எடுத்தவர் எல்லோரும் கடைக்கா போவார்கள்? அடுத்த சவாரியின் கியூவில் போய் நிற்பார்கள். முன்பு ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு கியூவில்தான் நிற்க முடியும். இப்போது துண்டு ஒரு கியூவில் நிற்கிறது, ஆள் இன்னொன்றில் நிற்கிறார். இருக்கைகள் அதே அளவுதான். ஆகவே கூட்டம் அவ்வளவாக இல்லாத சவாரிகளிலும் கியூ நீளும்.

துண்டு இல்லாமல் நிற்கிறவரின் கணக்கு இன்னும் மோசம். மணித்தியாலத்துக்கு 960 இருக்கையில் 700ஐ முன்பதிவுக்கு ஒதுக்கினால், சும்மா நிற்கும் வரிசைக்கு 260தான். அந்த வரிசையில் உங்களுக்கு முன்னால் 260 பேர் நிற்கிறார்கள். பார்க்கச் சின்னக் கியூ. முன்பதிவு இல்லாத காலத்தில் 16 நிமிடத்தில் முடிந்திருக்கும். இப்போது ஒரு மணித்தியாலம். இரண்டு வரிசையும் சேரும் இடத்தில் நிற்கிற ஊழியர் அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து பேரை விட்டு, இந்தப் பக்கம் நாலு பேரை விடுவார். சவாரி பழுதாகி அரை மணித்தியாலம் நின்றால் அதன் முழு அடியும் இந்தப் பக்கத்துக்குத்தான். முன்பதிவுக்காரருக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே.

இப்போது அந்த முன்வரிசைக்கு விலையும் வந்துவிட்டது. 2021 ஓகஸ்டில் பாரிஸ் பூங்கா இலவசத் துண்டை விட்டுவிட்டு, சவாரிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் முறைக்கு மாறியது. அதே வருடம் ஒக்டோபரில் புளோரிடாவில் ஒரு நாளுக்கு 15 டொலர் என்று தொடங்கினார்கள். அக்கா காசு கட்டினால் அவருக்குக் கிடைக்கிற நேரம், கட்டாமல் நிற்கிற யாரோ ஒருவரிடமிருந்து எடுத்த நேரம். எனக்கு இதில் ஒரு சின்ன உறுத்தல். ஆனால் இரண்டு பிள்ளைகளோடு வெயிலில் நிற்கிறவரிடம் போய் நியாயம் பேச எனக்கும் வாய் வராது.

இதை எழுதி முடிக்கையில் மணி 5.35. டொக்டர் வந்துவிட்டார். கதவடியில் ஒரு சலசலப்பு. என் துண்டைத் திருப்பி நேரத்தை மறுபடி பார்த்தேன். டொக்டர் நாலு மணிக்கே தொடங்கியிருந்தாலும், 4.40க்கு 27ஆவது ஆள் உள்ளே போக வேண்டுமென்றால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம். முழங்காலை மடக்கி நீட்டவே அது காணாது. நியாயமாக ஐந்து நிமிடம் வைத்தால் எனக்கு முன்னால் 26 பேருக்கு 130 நிமிடம். 7.45க்குத்தான் அம்மா உள்ளே போவார். இடையில் 'ரிப்போர்ட் காட்ட மட்டும்' என்று நுழைகிறவர்கள் கணக்கில் இல்லை.

நேரத்தைச் சரியாகப் போட்டிருந்தால்கூட ஒரு சிக்கல் மிஞ்சும். ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று இடைவெளி இல்லாமல் நிரப்பினால், ஒருவர் பன்னிரண்டு நிமிடம் எடுத்தவுடன் அவருக்குப் பின்னால் எல்லோருக்கும் பிந்தும். கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனிக்காக வேலை செய்த ஏர்லாங் என்ற டென்மார்க் கணிதர் 1909இல் அழைப்புகளை வைத்துத் தொடங்கின ஆராய்ச்சி, இந்தக் குழப்பத்துக்கு ஒரு கணக்கைத் தந்தது. மருந்துக் கவுண்டர் ஒன்றை எடுங்கள்: ஆளுக்குச் சராசரி மூன்று நிமிடம், ஆட்கள் வருவதும் வேலை முடிவதும் எழுந்தமானம். கவுண்டர் 80 வீதம் வேலையாக இருந்தால் சராசரிக் காத்திருப்பு 12 நிமிடம். 90 வீதம் என்றால் 27. 95 வீதம் என்றால் 57. வேலை ஐந்து வீதம்தான் கூடியது, காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல். எல்லா இருக்கையையும் முன்பதிவுக்குக் கொடுக்காமல் பூங்காக்காரர் கொஞ்சம் விட்டுவைப்பது இதற்காகவும்தான். பழுதோ பிந்தலோ வந்தால் தாங்க இடம் வேண்டும்.

நம்பர் போட்டு கியூ உண்மையிலேயே குறைந்ததையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பெற்றோல் செட்டுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளோடு இரவு படுத்துக் கிடந்தவர்களில் நானும் ஒருவன். ஜூலையில் கியூஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர், இலக்கத் தகட்டின் கடைசி எண்ணைப் பார்த்து நாள். ஒருவர் எடுக்கக்கூடிய அளவுக்கு வரம்பு வந்தது. எப்போதும் டாங்கியை நிரப்பி வைக்க வேண்டும் என்ற பயம் போனது. இல்லாவிட்டால் கியூஆர் எடுத்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் வந்து நின்றிருப்பார்கள். பூங்காவில் யாரும் ஒருவருக்கு நாலு சவாரிதான் என்று சொல்வதில்லை.

இருக்கையை உண்மையாகவே கூட்டுகிற ஒரு தந்திரம் பூங்காக்களில் இருக்கிறது, அதுவும் இலவசம்: தனியாள் வரிசை. பாரிஸில் இரண்டாவது பூங்காவில் கிரஷ்ஸ் கோஸ்டர் என்ற சவாரி. ஆமை ஓடு மாதிரிப் பெட்டி, நாலு பேர், இரண்டிரண்டாக முதுகோடு முதுகாக இருக்க வேண்டும். மூன்று பேர்க் குடும்பம் ஏறினால் ஓர் இருக்கை வெறுமையாகப் போகும். இரண்டு பெட்டிக்கு ஒன்று அப்படிப் போனால் எட்டு இருக்கையில் ஒன்று வீண். அந்த ஓட்டையில் தனியாக வருகிற ஒருவரை இருத்தினால் யாருடைய நேரத்தையும் எடுத்ததாகாது. ஒரே ஒரு நிபந்தனை, கூட வந்தவர்களோடு சேர்ந்து இருக்க ஆசைப்படக்கூடாது.

"பிள்ளைகள் ரெண்டும் வளர்ந்ததுதானே. இரண்டு பூங்காவுக்கும் டிக்கெட் இருந்தா அங்க போய் தனியாள் வரிசையில நில்லுங்க" என்று எழுதி அனுப்பினேன்.

அக்காவின் குரல் பதிவு வந்தபோது உள்ளே 19ஆம் நம்பர் போயிருந்தது. காதில் வைத்துக் கேட்டேன். "சின்னவன் முதல்ல போயிட்டான், பெரியவள் அடுத்ததுல. என்னைக் கொண்டு போய் யாரோ வெள்ளைக்காரக் குடும்பத்தோட ஏத்தி விட்டுட்டாங்க. சுத்தின சுத்துல பக்கத்துல இருந்த மனிசிட கையைப் பிடிச்சவள்தான், இறங்குற வரைக்கும் விடல்ல." அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். சிரித்துவிட்டு, இன்னும் எத்தனை பேர் என்று கேட்டார். ஏழு பேர் என்றேன்.