உங்கள் பிள்ளையை முகாமுக்குக் கூட்டிப்போகிறவர் யார்?

ஜூன் மாதம் முதல் ஸ்டாஃப் மீட்டிங்கில் என்.எஸ்.எஸ்., ஜே.ஆர்.சி., பசுமைப் படை என்று ஒவ்வொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டே வந்து, "சாரணர் யாரு பார்க்கிறீங்க?" என்று தலைமையாசிரியர் கேட்டதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் டீ கிளாஸுக்குள் ஏதோ தெரியும். கடைசியில் பள்ளிக்குப் புதிதாக வந்தவர் தலையில் விடியும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் என் தலையில் விடிந்தது. நான் கணக்கு வாத்தியார், சாரணர்கள் இடது கையால் கைகுலுக்குவார்கள் என்பதுகூட அப்போது தெரியாது. இப்போது பள்ளியில் சாரண ஆசிரியர், மாவட்டத்தில் பயிற்சி ஆணையர்.

இந்த இரண்டாவது பொறுப்பில் பாதி வேலை போன் எடுப்பதுதான். "சார், ஸ்கவுட் ஆபீசரா? பொண்ணை மூணு நாள் முகாமுக்குக் கூப்பிடுறாங்க, அனுப்பலாமா?" என்பார்கள். யார் கூப்பிட்டது என்று கேட்டால், "ஸ்கவுட் சார்தான்" என்று பதில் வரும். பெயர் தெரியாது, எந்தப் பள்ளி என்று தெரியாது, ஆனால் இருநூறு ரூபாய் கட்டியாகிவிட்டது.

அதனால் முதலில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் மாவட்டம் பெரும்பாலும் கல்வி மாவட்டத்தை ஒட்டியது. முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர் போன்றவர்கள் பல இடங்களில் பதவி வழியில் ஆணையர்கள், அதாவது நாற்காலி மாறினால் ஆணையரும் மாறிவிடுவார். புதியவருக்கு ஒரு விழாவில் ஸ்கார்ஃப் கட்டி, அதைக் கழுத்தில் பிடித்து நிறுத்தும் வோகிள் என்ற வளையத்தை மாட்டி, போட்டோ எடுப்போம். கேலிக்குச் சொல்லவில்லை, அவர்கள் அனுமதி இல்லாமல் முறையான முகாம் நடக்காது. ஆனால் ராத்திரி ஒரு மணிக்குக் கூடாரத்துக்கு வெளியே டார்ச்சோடு நிற்கிறவர் அவர் இல்லை.

மாவட்டச் செயலர்தான் வண்டியை ஓட்டுகிறவர். பள்ளிகளின் பதிவைப் புதுப்பிப்பது, முகாமுக்கு இடம் பிடிப்பது, சமையல்காரரிடம் பேரம் பேசுவது, கடிதம் டைப் செய்வது எல்லாம் அவர் தலையில். அவரும் எங்களைப் போல ஓர் ஆசிரியராகத்தான் இருப்பார், பள்ளி விட்ட பிறகுதான் அவருக்கு இந்த இன்னொரு அலுவலகம் திறக்கும். பயிற்சி ஆணையர் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் சொல்லிக்கொடுப்பதைப் பார்ப்பார். மாவட்டத்தில் இந்தப் பொறுப்புகளில் இருக்கும் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். கயிறு, விசில், பேருந்துக் காசு எல்லாம் பல நேரம் சொந்தப் பையிலிருந்துதான். இது பெருமையோ புலம்பலோ இல்லை. சம்பளம் வாங்காத ஆளிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை, "பாவம், இலவசமா செய்றார்" என்று விட்டுவிடுகிறோம், சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

ஏன் எல்லாப் பதவியும் சாரணர், சாரணியர் என்று இரண்டிரண்டாக இருக்கிறது என்று ஒரு அப்பா கேட்டார், நல்ல கேள்வி. 1950 நவம்பர் 7-ல் இந்தியாவிலிருந்த சாரணர் அமைப்புகள் ஒன்றாகின, பெண்களின் வழிகாட்டி அமைப்பு 1951 ஆகஸ்ட் 15-ல் வந்து சேர்ந்தது. ஒரே இயக்கம், இரண்டு கிளை. சாரணியர் பிரிவை நடத்த வேண்டியது பெண் ஆசிரியர்தான், 'கேப்டன்' என்று சொல்வோம். ஆகவே பெண் பிள்ளைகள் போகும் முகாமில் பயிற்சி பெற்ற கேப்டன் இல்லாமல், "அந்த மேடம் நாளைக்கு வந்துடுவாங்க" என்று யாராவது சொன்னால், "அப்போ பிள்ளையையும் நாளைக்கே அனுப்புகிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் நடந்தது நினைவிருக்கும். என்.சி.சி. முகாம் என்று சொல்லி நடத்தினார்கள், அது என்.சி.சி.யே இல்லை, அங்கே மாணவிகளுக்குப் பாலியல் கொடுமை நடந்தது. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பலரும் "நல்லவேளை, அது நாம இல்லை" என்று போட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீருடை தையல்கடையில் கிடைக்கிறது, விசிலும் பேட்ஜும் கடையில் கிடைக்கின்றன. எங்கள் பெயரில் ஒருவர் வந்து நின்றிருந்தாலும் எத்தனை பள்ளி "உங்கள் வாரண்ட் எங்கே?" என்று கேட்டிருக்கும்?

வாரண்ட் என்றதும் போலீஸ் நினைவு வரும். இங்கே அது நியமனச் சான்று. பேசிக் கோர்ஸ் ஏழு நாள், அப்புறம் அட்வான்ஸ்டு, அதற்கும் மேலே ஹிமாலயா உட் பேட்ஜ் என்று ஆசிரியருக்கும் படிகள் உண்டு. பள்ளிக்கு ஒரு பதிவு எண் உண்டு, அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். முகாம் என்றால் மாவட்ட ஆணையரின் அனுமதிக் கடிதம், பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் இரண்டும் கட்டாயம். இவற்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், செயலரை அழைத்து "இந்தத் தேதியில் இந்த இடத்தில் முகாம் உண்டா?" என்று கேளுங்கள், இரண்டு நிமிஷ வேலை. பெரியவர்கள் எத்தனை பேர் உடன் வருகிறார்கள், இரவில் யார் எங்கே படுப்பார்கள் என்றும் கேளுங்கள். பெரியவர் பிள்ளைகளின் கூடாரத்தில் படுக்கக் கூடாது. ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக எங்கும் போகக் கூடாது, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டும். எங்கள் முகாமில் இதைச் சொன்னபோது ஒரு மூத்த ஆசிரியர், "என்ன சார், என்மேலயே சந்தேகமா?" என்று முகம் சுளித்தார். உங்களைக் காப்பாற்றுவதற்கும் இதே விதிதான் சார் என்றேன், அரைமனதாகத் தலையாட்டினார்.

தலைமையாசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாட்டேன் என்கிறவரிடம் சாரணர் பொறுப்பைத் திணித்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு காகிதப் படை. ஒரு பள்ளிக்கு ஆய்வுக்குப் போனேன். பதிவேட்டில் மூன்று அணி, அணிக்கு எட்டு என்று இருபத்து நான்கு பெயர், அழகான கையெழுத்து. பிள்ளைகளைக் கூப்பிடச் சொன்னேன். பீரோவைத் திறந்து நாப்தலின் வாசனையோடு ஸ்கார்ஃப் மூட்டையை எடுத்தார்கள், யாருக்கு எது என்று அந்தப் பிள்ளைகளுக்கே தெரியவில்லை. ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டு நாள்தான் அந்த மூட்டை வெளியே வருமாம். அந்த ஆசிரியை என்னிடம் தனியாக, "எனக்கு ஒரு முடிச்சுகூடத் தெரியாது சார், யாரும் பயிற்சிக்கு அனுப்பவே இல்லை" என்றார். கோபம் அவர்மேல் வரவில்லை.

உண்மையில் இந்த இயக்கத்தில் தலைமை என்று இருந்தால் அது அணித்தலைவரிடம்தான் இருக்க வேண்டும். 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலேயே பையன்களை நான்கு அணியாகப் பிரித்து, அணிக்கு ஒரு பையனைத் தலைவனாக்கிப் பொறுப்பைக் கொடுத்துவிட்டார். இங்கே என்ன நடக்கிறது என்றால், எட்டாம் வகுப்புப் பையன் தன் அணிக்குச் சோறு பங்கு போடுவதற்குள் நான்கு வாத்தியார்கள் கரண்டியைப் பிடுங்கிவிடுகிறோம்.

இன்னொரு எச்சரிக்கை, சான்றிதழ் பற்றி. ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டில் வேலை உண்டு, அது உண்மை. அதனால்தான் "ராஜ்ய புரஸ்கார் (சாரணருக்கான மாநில விருது) வாங்கித் தருகிறேன், இவ்வளவு ஆகும்" என்று சிலர் கிளம்புகிறார்கள். பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திருதிய சோபான் என்று ஒவ்வொரு படியாக ஏறித்தான் அங்கே போக முடியும், ஒவ்வொன்றுக்கும் இடையில் மாதக்கணக்கில் இடைவெளி உண்டு. வார இறுதியில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் ரசீது கேளுங்கள், அப்புறம் அவர் போன் எடுக்கமாட்டார்.

புகார் என்று வந்தால் எங்கே போவது என்பதைச் சங்கடமாக இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். சில வருஷத்துக்கு முன் ஒரு முகாமில் ஓர் ஆசிரியர் வரிசையில் சிரித்த பையனைக் கன்னத்தில் அறைந்தார். நான் பார்த்தேன். "நம்ம ஆளு சார், பேசிக்கலாம்" என்றார்கள், நானும் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் பையனின் அப்பா வந்து கேட்டபோது எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடி என்றால் எழுத்தில் மாவட்ட ஆணையருக்குப் போகட்டும், நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாலியல் தொடர்பானது என்றால் செயலர், ஆணையர், கமிட்டி எதற்கும் காத்திருக்க வேண்டாம். 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி தெரிந்தவர் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் அதுவே குற்றம். 1098 குழந்தைகள் உதவி எண், 14417 நம் பள்ளிக்கல்வித் துறையின் எண். இரண்டையும் முகாமின் அறிவிப்புப் பலகையில் பிள்ளைகள் கண்மட்டத்தில் ஒட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் வரவேற்பு பேனருக்கு இருக்கும் இடம் இதற்கு இருப்பதில்லை.

போன வருஷம் முகாமுக்குக் கிளம்பும்போது, பேருந்துப் படியில் ஒரு கால் வைத்திருந்தேன், ஆறாம் வகுப்புப் பையனின் அம்மா, கட்டட வேலைக்குப் போகிறவர், வழிமறித்தார். "சார், உங்ககிட்ட ஏதோ வாரண்ட்னு இருக்கணுமாமே, பார்க்கலாமா?" முப்பது பெற்றோருக்கு முன்னால் எனக்குச் சுருக்கென்றது, அதுவரை அத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. அது வீட்டில் பீரோவில் இருந்தது. மனைவிக்குப் போன் போட்டு, அவள் தேடி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்வரை பேருந்து இருபது நிமிஷம் நின்றது. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார், அந்த அம்மா நகரவில்லை. படத்தைப் பெரிதாக்கி என் முகத்தையும் அதிலிருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, ஏறுடா" என்றார் பையனிடம். இப்போது அதன் ஜெராக்ஸ் ஒன்று எங்கள் முதலுதவிப் பெட்டியின் மூடிக்கு உள்ளே ஒட்டியிருக்கிறது.