காசு கட்டுவதற்கு முன் படிவத்தைக் கொடுங்கள்

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனாலும் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அலைகிற திருகோணமலைக் குடும்பத்தைக் கேட்டுப் பாருங்கள். பஸ் காசு, கூடப் போகிறவர் இழக்கும் நாட்கூலி, வெளியே எடுக்கச் சொல்லும் பரிசோதனை, வெளியே வாங்கச் சொல்லும் மருந்து. முதலில் தோடு அடகுக்குப் போகும், பிறகு வள்ளத்து எஞ்சின் விலைப்படும்.

பெரிய செலவுக்குக் கேட்க வேண்டிய இடம் ஜனாதிபதி நிதியம். செலவில் ஒரு பகுதியைத் தருவார்கள். 2025 பெப்ரவரி முதல் உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். "கொழும்புக்குத்தான் போக வேண்டும்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

சத்திரசிகிச்சைக்குத் திகதி குறித்தவுடன் விண்ணப்பித்துவிடுங்கள். கடன்பட்டுக் காசைக் கட்டி முடித்துவிட்டு, பற்றுச்சீட்டுடன் போய் நின்றவர்களை எனக்குத் தெரியும். "அதுதான் கட்டிவிட்டீர்களே" என்று திருப்பி அனுப்பினார்கள்.

வைத்தியர் நிரப்பும் பக்கத்தை வாங்கியதும் அங்கேயே நின்று பாருங்கள். கையொப்பம் இருக்கும், இறப்பர் முத்திரை இருக்காது. அந்த ஒரு முத்திரைக்காக வைத்தியசாலைக்குத் திரும்பிப் போய், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டிவரும். பெயரையும் பாருங்கள். அடையாள அட்டையில் ஓர் எழுத்து, கிளினிக் கொப்பியில் ஓர் எழுத்து, வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று என்று இருந்தால், சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டே போங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருந்தால் இன்னொரு நாள் வீண்.

விதானையார், அதாவது கிராம உத்தியோகத்தர், தரும் வருமானச் சான்றிதழில்தான் பலர் விழுகிறார்கள். கட்டாரில் இருக்கும் மகன் எப்போதாவது அனுப்பும் காசு மாத வருமானமாக ஏறிவிடும். கையொப்பத்துக்கு முன் வாசித்துப் பார்த்து, திருத்தச் சொல்லுங்கள். 2006இல் மூதூர், சம்பூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து, பதிவு ஓரிடம் குடியிருப்பு ஓரிடம் என்று இருப்பவர்களை இரண்டு விதானைமாரும் பந்தாடுவார்கள். வாக்காளர் பதிவு எங்கே இருக்கிறதோ அங்கே முதலில் போங்கள். மறுத்தால், மறுப்பை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பாதிப் பேர் கையொப்பம் வைத்துவிடுவார்கள்.

மாதக் கொடுப்பனவு வேறு கதை. சிறுநீரக நோயாளருக்கான தொகை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. சிறுநீரக நோய் அதிகமுள்ள பதவி சிறிபுரப் பக்கம் இது தெரிந்த விடயம். பட்டணத்தில் டயலிசிஸ் செய்கிறவர்களில் கேள்விப்படாதவர்களையே அதிகம் சந்தித்திருக்கிறேன். வறிய குடும்பங்களுக்கு அரசு தரும் அஸ்வெசும குடும்பக் கொடுப்பனவு வேறு, இது வேறு. "உங்கள் குடும்பம் பட்டியலில் இல்லை" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். புற்றுநோய், காசநோய், தலசீமியா என்றால் மாகாண சமூக சேவைத் திணைக்களத்தின் சிறு உதவி உண்டு. அதைச் சமூக சேவை உத்தியோகத்தரின் மேசையில் கேளுங்கள். பக்கத்து மேசையில் கேட்டால் "அப்படி ஒன்றும் இல்லை" என்பார்கள்.

படிவத்துக்குக் காசு கேட்கும் தரகரை நம்பாதீர்கள். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் போட்டோ பிரதி வைத்திருங்கள், பாரம் எடுத்ததற்குத் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள்.

மாதக்கணக்கில் பதில் இல்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "என் விண்ணப்பம் இப்போது யாருடைய மேசையில் இருக்கிறது?" என்று தமிழிலேயே எழுதி, அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.