சிகிச்சை எடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் காலையில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை, தும்மல் வந்தால் உயிர் போய்த் திரும்பியது. மூன்றாம் நாள் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இடுப்புப் பக்க முதுகெலும்பில் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. படத்தில் சாம்பல் நிறத்தில் லேசாகத் துருத்திக்கொண்டிருந்த இடத்தைப் பேனா முனையால் தொட்டு, "இதோ, இதுதான் காரணம்" என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சை பற்றியும் பேச்சு வந்தது. எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. வலி இருக்கிறது, படத்தில் பழுது தெரிகிறது, இரண்டையும் முடிச்சுப் போட வேறென்ன வேண்டும்?

அப்புறம்தான் 1994-ல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தேன். முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்க்காவது பிதுங்கியிருந்தது. எல்லா டிஸ்க்குகளும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். அதாவது ஒரு வலியும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கும் ஆளைப் பிடித்து ஸ்கேன் எடுத்தாலும், பேனா முனை போய்த் தொடுவதற்கு ஏதாவது ஓர் இடம் கிடைப்பதற்கு நிறைய வாய்ப்பு உண்டு.

என் டிஸ்க் பிதுங்கியிருந்தது உண்மைதான். ஆனால் வலி வருவதற்கு முந்தின வாரம் ஸ்கேன் எடுத்திருந்தாலும் அது அப்படியே இருந்திருக்கலாமே? அந்தப் பிதுக்கம் இல்லாமலே எனக்கு வலி வந்திருக்கலாமே? இந்த இரண்டு கேள்விகளையும் அன்றைக்கு நானும் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை.

நோய்க்குக் காரணம் எது என்று கண்டுபிடிப்பதும், எந்தச் சிகிச்சை நல்லது என்று முடிவு செய்வதும் தனித்தனி வேலைகள் போலத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: அது இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? காரணம் என்று ஒன்றைச் சொல்கிறோமா, அது இல்லாதிருந்தால் நோய் வந்திருக்கக் கூடாது. மருந்து வேலை செய்தது என்கிறோமா, அதைச் சாப்பிடாதிருந்தால் இவ்வளவு குணமாகியிருக்கக் கூடாது. சிக்கல் என்னவென்றால் அந்த 'இல்லாதிருந்தால்' என்ற உலகத்தை யாராலும் பார்க்க முடியாது, ஏனென்றால் ஒரே ஆள் ஒரே நேரத்தில் மாத்திரை சாப்பிட்டவராகவும் சாப்பிடாதவராகவும் இருக்க முடியாது. மருத்துவ ஆராய்ச்சியில் பெரும்பாடு படுவது இந்த இடத்தில்தான்.

வலி ஏன் நம்மை இவ்வளவு சுலபமாக ஏமாற்றுகிறது என்று பாருங்கள். நாள்பட்ட வலி ஒரே அளவில் இருப்பதில்லை, ஏறும், இறங்கும். நாம் டாக்டரிடம் எப்போது போகிறோம்? தாங்கவே முடியாத அன்றைக்கு. உச்சியில் இருக்கும் ஒன்று அடுத்த வாரம் பெரும்பாலும் இறங்கத்தான் செய்யும். அந்த வாரத்தில் ஊசி போட்டிருந்தால் ஊசிக்குப் பெயர், பெல்ட் கட்டியிருந்தால் பெல்ட்டுக்குப் பெயர், யாரோ சொன்ன எண்ணெயைத் தேய்த்திருந்தால் எண்ணெய்க்குப் பெயர். புள்ளியியலில் இதை 'சராசரிக்குத் திரும்புதல்' என்பார்கள். இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் விஷயமே. நோயாளி உண்மையாகவே குணமாகிறார், மருத்துவர் அதைக் கண்ணால் பார்க்கிறார், இருபது வருட அனுபவத்தில் இப்படி ஆயிரம் பேரைப் பார்த்தவருக்கு அந்தச் சிகிச்சை மேல் அசைக்க முடியாத நம்பிக்கை வந்துவிடுகிறது.

அப்படி நம்பிக்கையோடு செய்யப்பட்டு வந்ததுதான் மூட்டுத் தேய்மானத்துக்கான ஆர்த்ராஸ்கோபி. முழங்காலில் சிறு துளை போட்டு, உள்ளே கேமராவை விட்டு, பிசிறுகளைச் சீவிக் கழுவி எடுப்பார்கள். செய்துகொண்டவர்கள் வலி குறைந்தது என்றும் சொன்னார்கள். 2002-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து மருத்துவர் புரூஸ் மோஸ்லியின் குழு இதைச் சோதித்த முடிவுகளை வெளியிட்டது. 180 நோயாளிகளைக் குலுக்கல் போலப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சீவிக் கழுவுதல், இன்னொரு பிரிவுக்கு வெறும் கழுவுதல், மூன்றாவது பிரிவுக்குத் தோலில் மூன்று சின்னக் கீறல்கள் மட்டும். அந்த மூன்றாவது பிரிவினருக்குத் தூக்கம் வரவழைக்கும் மருந்து கொடுத்து, கருவிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, காலை மடக்கி நீட்டி, கழுவுகிற சத்தம் கேட்கட்டும் என்று உப்புநீரைத் தெளித்துக்கூடக் காட்டினார்கள். இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்ததில், உண்மையான அறுவை சிகிச்சை செய்துகொண்ட இரண்டு பிரிவினருமே வெறும் கீறல் போட்டவர்களைவிட எந்தக் கட்டத்திலும் மேலான நிலையில் இல்லை.

குலுக்கல் எதற்கு என்று கேட்கலாம். யாருக்கு எது என்று மருத்துவரோ நோயாளியோ தேர்ந்தெடுத்தால், கொஞ்சம் தெம்பாக இருப்பவர்கள் ஒரு பக்கமும் முடியாதவர்கள் இன்னொரு பக்கமும் சேர்ந்துவிடுவார்கள். குலுக்கிப் போட்டால் வயது, எடை, நோயின் தீவிரம், மனத்தெம்பு, நமக்குப் பெயர்கூடத் தெரியாத இன்னும் பல சமாச்சாரங்கள் எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடும், ஆட்கள் போதுமான அளவு இருந்தால். அப்போதுதான் ஒரு பிரிவு இன்னொரு பிரிவுக்கு 'இல்லாதிருந்தால்' ஆகிறது. இவ்வளவு எளிமையான யோசனை இத்தனை உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் வியப்பு தீரவில்லை.

சரி, காரணத்துக்கு வருவோம். வயிற்று அல்சருக்கு மனஅழுத்தமும் அமிலமும்தான் காரணம் என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தால் புண் ஆறும், அதனால் காரணம் அமிலம்தான் என்ற எண்ணம் இன்னும் உறுதியாகும். ஆனால் மாத்திரையை நிறுத்தினால் புண் திரும்ப வந்துவிடும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் வயிற்றுத் திசுக்களில் சுருள் வடிவக் கிருமிகளைத் தொடர்ந்து பார்த்து வந்தார். பேரி மார்ஷலும் அவரும் அதை ஆய்வகத்தில் வளர்க்கப் பார்த்தார்கள், வளரவில்லை. வழக்கமாக இரண்டு நாளில் தட்டுகளைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் கூடுதல் நாட்கள் அப்படியே கிடந்தன, திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. மெதுவாக வளர்கிற கிருமி அது, அவ்வளவுதான். 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்து வயிற்று அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

எல்லோரும் அந்தக் குடித்த கதையைத்தான் சொல்வார்கள். ஆனால் அவருக்கு வந்தது அழற்சி, அல்சர் வரவில்லை. காரணத்தை உறுதியாக்கியது அதற்குப் பிறகு நடந்த சோதனைகள்தான்: ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் கிருமியை ஒழித்தவர்களுக்கு அல்சர் திரும்ப வருவது வெகுவாகக் குறைந்தது, ஒழிக்காதவர்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தது. 'அது இல்லாதிருந்தால்' என்பதைக் கண் முன்னால் செய்து காட்டியது அந்தச் சோதனைகள்தான்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. உலகத்தில் ஏறக்குறைய பாதிப் பேருடைய வயிற்றில் இந்தக் கிருமி இருக்கிறது, அவர்களில் பெரும்பாலோருக்கு அல்சர் வருவதே இல்லை. கிருமியே இல்லாமல் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளால் அல்சர் வந்தவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் கிருமி காரணமா இல்லையா? காரணம்தான், ஆனால் தனியாக அது போதாது. நோய் பெரும்பாலும் பல துண்டுகள் ஒன்று சேர்ந்தால்தான் வருகிறது. பீனைல்கீட்டோனூரியா என்று ஒரு பிறவிக் கோளாறு இருக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால், புரதத்தில் உள்ள பீனைல்அலனின் என்ற பொருளைக் குழந்தையின் உடம்பால் சிதைக்க முடியாது, அது சேர்ந்து சேர்ந்து மூளையைக் கெடுத்துவிடும். பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து, அந்தப் பொருள் குறைந்த உணவையே கொடுத்து வந்தால் குழந்தை ஏறக்குறைய இயல்பாக வளர்கிறது. இது மரபணு நோயா, உணவால் வரும் நோயா? இரண்டும் முழுசாகச் சரி. மரபணுவில் ஒன்றும் செய்யாமலே நோயைத் தடுக்க முடிகிறது, ஏனென்றால் துண்டுகளில் ஏதாவது ஒன்றை உருவினால் போதும். 'பரம்பரை வியாதி, ஒன்றும் செய்ய முடியாது' என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

சிகிச்சையை எடைபோடும்போது நாம் விழுகிற பெரிய பள்ளம், ரிப்போர்ட்டில் ஓர் எண் சரியானால் ஆளும் சரியாகிவிட்டார் என்று நினைப்பது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் சிலருக்கு இதயம் இடையிடையே தப்புத் துடிப்பு துடிக்கும், அப்படித் துடிப்பவர்கள் இறப்பதும் அதிகம். ஃப்ளெகெய்னைடு, என்கெய்னைடு என்ற மருந்துகள் அந்தத் தப்புத் துடிப்பை அழகாக அடக்கின. துடிப்பை அடக்கினால் மரணமும் குறையும் என்று நினைத்து நிறையப் பேருக்குக் கொடுத்தார்கள். பிறகு சோதனை வைத்தார்கள், அதுவும் மருந்தால் துடிப்பு அடங்கியவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு. மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். 1989-ல் அந்த மருந்துகளைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. இசிஜி தாளில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்துகொண்டிருந்தபோதே ஆட்கள் இறந்துகொண்டிருந்தார்கள். இதைப் படித்த நாளிலிருந்து எந்த மருந்தைப் பற்றிக் கேட்டாலும், எண் குறைவது சரி, அதனால் நான் கூடுதல் நாள் வாழ்வேனா, வலியில்லாமல் நடப்பேனா என்று சேர்த்தே கேட்கப் பழகிக்கொண்டேன்.

இதையெல்லாம் சொல்வதால் மருந்தே வேண்டாம் என்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1922 ஜனவரியில் டொரன்டோவில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அப்போது அதைக் குலுக்கிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. அவனுக்கு இருந்தது போல, உடம்பில் இன்சுலினே சுரக்காத வகைச் சர்க்கரை நோய் வந்த பிள்ளைகள் இன்சுலின் இல்லாமல் இறந்துபோவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 'இல்லாதிருந்தால்' என்பதற்குப் பதில் அவ்வளவு தெளிவாக இருக்கும் இடத்தில் தயங்குவது ஆபத்து.

பதில் தெளிவாக இல்லாத இடத்தில்தான் எண்களைக் கவனமாகக் கேட்க வேண்டும். 'இந்த மாத்திரை ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும்' என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எதில் பாதி? மாத்திரை இல்லாமல் பத்து வருடத்தில் 100 பேரில் 20 பேருக்கு வரக்கூடிய நோய் 10 பேருக்குத்தான் வருகிறது என்றாலும் பாதிதான், 2 பேருக்கு வரக்கூடியது ஒருவருக்கு வந்தாலும் பாதிதான். முதல் கணக்கில் 10 பேர் சாப்பிட்டால் ஒருவர் தப்பிக்கிறார், இரண்டாவதில் ஒருவர் தப்பிக்க 100 பேர் சாப்பிட வேண்டும், மீதி 99 பேருக்குச் செலவும் பக்கவிளைவும்தான் மிச்சம். அதனால் '100 பேரில் எத்தனை பேர், எத்தனை வருடத்தில்' என்று கேளுங்கள், நன்மைக்கும் கேளுங்கள், கெடுதலுக்கும் அதே மாதிரி கேளுங்கள்.

அப்படிக் கேட்டு எடைபோடுவது எப்படி இருக்கும் என்பதற்குப் பரவாத நிலையில் உள்ள புரோஸ்டேட் புற்றுநோய் நல்ல உதாரணம். பிரிட்டனில் 1,643 ஆண்களை மூன்றாகப் பிரித்தார்கள்: கண்காணிப்பு மட்டும், அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு. கண்காணிப்பு என்றால் சும்மா விட்டுவிடுவதில்லை, விடாமல் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் அப்போது சிகிச்சையைத் தொடங்குவது. 15 வருடம் கழித்துப் பார்த்தால் அந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் கண்காணிப்பில் 3.1 சதவீதம், அறுவை சிகிச்சையில் 2.2, கதிர்வீச்சில் 2.9. இவ்வளவு சின்ன வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. ஆனால் புற்றுநோய் வேறு இடங்களுக்குப் பரவியது கண்காணிப்பில் 9.4 சதவீதம் பேருக்கு, மற்ற இரண்டிலும் 5 சதவீதத்தை ஒட்டி. இன்னொரு பக்கம், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 46 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்தும் சிறுநீர்க் கசிவுக்காகப் பேட் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது, ஆறு வருடம் கழித்தும் 17 சதவீதம் பேருக்கு அந்த நிலை.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு ஒருவர் 'கட்டி உள்ளே இருக்கிறது என்ற நினைப்போடு என்னால் தூங்க முடியாது, எடுத்துவிடுங்கள்' என்பார். இன்னொருவர் 'கசிவோடு என்னால் வெளியே தலைகாட்ட முடியாது, பார்த்துக்கொண்டே இருப்போம்' என்பார். இருவருமே சரியான முடிவைத்தான் எடுத்திருக்கிறார்கள். எண்களைச் சொல்வது மருத்துவருடைய கடமை, எந்தக் கஷ்டம் யாருக்குப் பெரிது என்பதை நோயாளிதான் சொல்ல முடியும், அதை அவரிடம் கேட்காமலே சிகிச்சையைத் தீர்மானிப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் பொறுக்காது.

என் இடுப்புக்கு இரண்டாவதாக ஒரு மருத்துவரைப் பார்த்தேன். ஸ்கேனைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார், என்னைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். குதிகாலில் நடக்கச் சொன்னார், விரல் நுனியில் நிற்கச் சொன்னார், கால் பெருவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு மேலே தூக்கச் சொன்னார். சிறுநீர் போவதில் மாற்றம் உண்டா, தொடைகளின் இடுக்கில் மரத்துப்போனது போல இருக்கிறதா என்று கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது. "ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?" என்றேன். "பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் குறைந்துவிடும், படுத்தே கிடக்காமல் முடிந்தவரை நடங்கள்" என்றார். ஆறாவது வாரம் நான் குனிந்து செருப்பு மாட்டினேன். கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொல்லி அனுப்பினார்: "கால் பலமிழந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, அந்த இடம் மரத்துப்போனாலோ காத்திருக்கவே கூடாது, அன்றைக்கே, ராத்திரியானாலும், அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். நரம்புக் கற்றை நசுங்கியிருந்தால் உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் அந்தப் பலம் திரும்ப வராமலே போய்விடலாம்."