"இப்படியிருக்க" என்றால் எப்படியிருக்க?

பிரசங்க மேடையில் நின்று நான் தெரிந்தே பொய் சொன்னதில்லை. ஆனால் சொல்ல வேண்டியதை விட்டிருக்கிறேன். சபையார் முகம் சுளிப்பார்கள் என்று பட்டால், போதகனுக்கு முதலில் வரும் சோதனை அந்த வசனத்தைத் தாண்டிப் போவதுதான்.

யாக்கோபு நிருபத்தை வாராவாரம் வரிசையாகப் பிரசங்கித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் அதிகாரம் வந்தது. கூலியைப் பிடித்து வைத்த ஐசுவரியவான்களைப் பற்றியவை முதல் ஆறு வசனங்கள். எங்கள் சபையில் ஆள் வைத்து வேலை வாங்கும் ஒருவர் இருந்தார், காணிக்கையில் தாராளம். கூலியை இழுத்தடிக்கிறார் என்று காதில் விழுந்திருந்தது. சனிக்கிழமை இரவு அந்த ஆறு வசனங்களையும் ஒதுக்கிவிட்டு ஏழாம் வசனத்தில் தொடங்கினேன்: "இப்படியிருக்க, சகோதரரே, கர்த்தர் வருமளவும் நீடிய பொறுமையாயிருங்கள்."

ஆராதனை முடிந்ததும் ஒரு சகோதரி வந்தார். வேதாகமத்தை மூடாமல், விரலை அந்த வசனத்திலேயே வைத்திருந்தார். "பாஸ்டர், 'இப்படியிருக்க'ன்னு ஆரம்பிக்குதே. எப்படியிருக்க?"

அவர் வேலை செய்வது அந்த மனிதரிடம்தான். மூன்று மாதக் கூலி பாக்கி. "அறுத்தவர்களுடைய கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது" என்ற நான்காம் வசனத்தை அவருக்குக் கொடுக்காமல், பொறுத்துக்கொள் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒருவருக்குக் கசக்கும் என்று நான் ஒளித்தது, இன்னொருவருக்குக் கர்த்தர் வைத்திருந்த ஆறுதல்.

எரேமியா 36-ல், கர்த்தருடைய வார்த்தைகள் எழுதிய சுருளை வாசிக்க வாசிக்க யோயாக்கீம் ராஜா அதைச் சூரிக்கத்தியால் அறுத்துக் கணப்பில் எறிகிறான். அவனைக் கண்டித்து எத்தனை முறை பேசியிருப்பேன்! அன்று அந்தக் கத்தி என் மேஜையில் இருந்தது.

இளம் ஊழியர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜனங்கள் கோபப்பட்டால் அது சத்தியத்தினால்தான் என்று உடனே முடிவு செய்துவிடாதீர்கள். நம் குரலில் இருந்த கடுகடுப்பும் காரணமாயிருக்கலாம். தனியே சொல்ல வேண்டியதை மேடையில் குத்திக்காட்டியிருக்கலாம். பாவம் செய்த தாவீது ராஜாவிடம் "நீயே அந்த மனுஷன்" என்று சொல்ல நாத்தான் தீர்க்கதரிசி நேரே போனான். பவுல் மூன்று வருஷம் கண்ணீரோடு புத்தி சொன்னதாக அப்போஸ்தலர் 20-ல் வாசிக்கிறோம். கண்ணீர் இல்லாத கண்டிப்பை நான் நம்புவதில்லை.

இத்தனையும் சரியாக இருந்தும் எதிர்ப்பு வரும். ஆங்கிலேயப் போதகர் சார்லஸ் சிமியோன் 1782-ல் கேம்பிரிட்ஜில் ஒரு சபைக்குப் பொறுப்பேற்றபோது, அவரை விரும்பாத சபையார் தங்கள் இருக்கைகளைப் பூட்டிவிட்டு வராமலிருந்தார்கள். கேட்க வந்தவர்கள் நடைபாதையில் நின்று கேட்டார்கள். அவர்களுக்காக அவர் பெஞ்சு வாங்கிப் போட்டார். அதையும் வெளியே தூக்கிப் போட்டார்கள். 1836-ல் மரிக்கும்வரை 54 வருஷம் அவர் அங்கேயே பிரசங்கித்தார்.

சகோதரி கேட்ட அந்த வாரம் வெள்ளிக்கிழமை, கூலியை இழுத்தடித்த அந்த மனிதரின் வீட்டுக்குப் போய், விட்டுப்போன வசனங்களை அவர் முன்னாலேயே வாசித்தேன். "காணிக்கை வாங்கும்போது இதெல்லாம் தெரியலையா பாஸ்டர்?" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். "தெரிஞ்சும் பயந்தேன், என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். ஞாயிற்றுக்கிழமை முதல் வசனத்திலிருந்து தொடங்கினேன். அவர் வரவில்லை.

சகோதரிக்குக் கூலியில் பாதி வந்தது. அந்த மனிதரை மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். கதவைத் திறக்கிறார், உட்காரச் சொல்கிறார். ஜெபிக்கட்டுமா என்றால் இன்னும் வேண்டாம் என்கிறார்.