'நோ சிக்னல்' வந்தால் மானிட்டரைத் தூக்கிப் போடாதீர்கள்

போன வாரம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கடைக்கு வந்தார். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததால் புது சிபியு வாங்கியிருக்கிறார். பழைய மானிட்டரை மாட்டியதும் 'நோ சிக்னல்'. மானிட்டர் போய்விட்டது என்று யாரோ சொல்ல, அதைக் காயலான் கடையில் 300 ரூபாய்க்குப் போட்டுவிட்டு, 7,000 ரூபாய்க்குப் புதிது வாங்கினார். அதிலும் 'நோ சிக்னல்'. அப்புறம்தான் என்னிடம் வந்தார். கேபிளைக் கழற்றி நான்கு விரற்கடை கீழே மாட்டினேன், படம் வந்துவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. இந்த மாதத்தில் மட்டும் இது நான்காவது.

'நோ சிக்னல்' என்ற எழுத்தைத் திரையில் காட்டுவது யார்? கம்ப்யூட்டர் இல்லை, மானிட்டர். அதற்கு கரண்ட் வருகிறது, பின்விளக்கு எரிகிறது, பேனல் எழுத்து காட்டுகிறது. செத்த மானிட்டர் எழுத்து காட்டாது. "நான் நன்றாக இருக்கிறேன், எனக்கு எதுவும் வந்து சேரவில்லை" என்றுதான் அது சொல்கிறது. அதையே மரணச் சான்றிதழாக எடுத்துக்கொண்டால் எப்படி? மானிட்டரில் ஒரு போர்ட் மட்டும் பழுதாகியிருக்கலாம், உண்மை. அதற்கும் சோதனை வீட்டிலேயே இருக்கிறது. டிவி செட்டாப் பாக்ஸின் எச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கி மானிட்டரில் மாட்டுங்கள். படம் வந்தால் மானிட்டரை விட்டுவிட்டு சிபியு பக்கம் பாருங்கள்.

ஆசிரியருக்கு நடந்தது இதுதான். 12400எஃப் போல எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் கிராஃபிக்ஸ், அதாவது திரைக்குப் படம் உருவாக்கும் பகுதி, கிடையாது. ஏஎம்டியின் ரைசன் 5 5600-லும் கிடையாது. மதர்போர்டில் எச்டிஎம்ஐ போர்ட் இருக்கும், ஆனால் அதில் எதுவும் வராது. கேபிளை அதற்குக் கீழே படுக்கைவாட்டில் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டில்தான் மாட்ட வேண்டும். அசெம்பிள் செய்து கொடுப்பவர்களே, அந்த மேல் போர்ட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புங்கள். ஒரு நிமிட வேலை. இன்னொன்று, விண்டோஸ் 11-க்காக பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் செட்டிங்ஸ்) சிஎஸ்எம் என்ற பழைய துவக்க முறையை அணைத்த பிறகு திரை இருண்டால், பத்துப் பதினைந்து வருஷத்து கிராஃபிக்ஸ் கார்டு யூஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறைக்கு ஒத்துவராததா என்று முதலில் பாருங்கள்.

பழைய விஜிஏ மானிட்டரா? எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர் வேண்டும். இரண்டு முனையும் பொருந்துகிற வெறும் கேபிளை வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகிற கேபிளும் பெரும்பாலும் ஒருவழிதான், திருப்பி மாட்டினால் வேலை செய்யாது. லேப்டாப்பின் டைப்-சி போர்ட் எல்லாமே படம் அனுப்பாது, சிலது சார்ஜுக்கும் டேட்டாவுக்கும் மட்டும். எம்1 மேக்புக் ஏர் நேரடியாக ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் ஏற்கும். இதையெல்லாம் வாங்கும் முன் கேளுங்கள்.

மானிட்டரின் இன்புட் பட்டனை அழுத்திச் சரியான போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப் என்றால் விண்டோஸ் பட்டனோடு பி அழுத்தி, படம் வெளி மானிட்டருக்குப் போகும்படி தேர்ந்தெடுத்துப் பாருங்கள். மானிட்டரைக் கழற்றித் திறக்க மட்டும் முயலாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும்.

இத்தனைக்கும் வரவில்லையா, சரி, கடைக்கு வாருங்கள். தயவுசெய்து மானிட்டரை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். சிபியு, கேபிள், கன்வெர்ட்டர் எல்லாவற்றையும் வீட்டில் மாட்டியிருந்தபடியே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, சேர்த்துக் கொண்டுவாருங்கள்.